ஆன்டிக் ரிவால்வர் வாங்கப் போன அனுபவம் – உங்க கதையையும் எழுதுங்க

நேவி36, டெக்சாஸ்:

பழைய ரிவால்வர் ஒண்ணு கையில வந்தா அது என்ன மாடல், எந்த வருஷம், என்ன விலைக்குத் தகும்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்கன்னு அவங்கவங்க அனுபவத்தை இங்க எழுதுங்க. நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்.

எனக்கு கோல்ட் கம்பெனியோட 1851 நேவி ரிவால்வர்னா உயிர். இங்க ஒரு கன் ஷோல ஒரு பெரியவர் டேபிள் போட்டிருந்தார், "சிவில் வார்ல (அமெரிக்க உள்நாட்டுப் போர்) எங்க கொள்ளுத்தாத்தா இடுப்புல இருந்தது"ன்னு சொல்லி ஒரு நேவியை நீட்டினார். பித்தளை பிரேம், எண்கோணப் பேரல், .44 காலிபர் (குழல் துளையோட அளவு, இஞ்சுல). இங்கயே விஷயம் முடிஞ்சுது. கோல்ட்டோட ஹார்ட்ஃபோர்டு பேக்டரில 1850ல இருந்து 1873 வரைக்கும் ரெண்டு லட்சத்துக்கு மேல நேவி செஞ்சாங்க, எல்லாமே .36 தான், .44ல கோல்ட் கம்பெனி 1851 நேவியே செஞ்சதில்ல, பிரேமும் பித்தளைல போட்டதில்ல. பித்தளை பிரேம் போட்டது தெற்குப் படைக்காக ஜார்ஜியால வேலை செஞ்ச கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன், அதுவும் .36 தான், பேரலும் உருண்டையா இருக்கும். திருப்பிப் பார்த்தா நட்சத்திரமும் பி, என்-ங்கிற ரெண்டு எழுத்தும் சேர்ந்த இத்தாலி ப்ரூஃப் முத்திரை (சுட்டு சோதிச்சதுக்கு அடையாளம்), பக்கத்துல சின்னக் கட்டத்துக்குள்ள ஏ டி-ன்னு ரெண்டு எழுத்து. அந்தக் கட்டம்தான் வருஷம், ஏ ஏ-ன்னா 1975, அப்படியே எண்ணிக்கிட்டு வந்தா ஏ டி 1978. பேரல்ல 'பிளாக் பவுடர் ஒன்லி'ன்னு வேற அடிச்சிருந்துச்சு. சிவில் வார் காலத்துல ரிவால்வருக்குக் கரிமருந்தைத் தவிர வேற மருந்து புழக்கத்துலயே இல்ல, அப்புறம் எதுக்கு அப்படி ஒரு எச்சரிக்கையை எழுதப் போறாங்க? பெரியவர் மேல எனக்குக் கோபமே வரல, வீட்ல சொன்னதை அவரும் நம்பிட்டார், நான் மார்க்கை எல்லாம் காட்டினதும் முகம் வாடிப்போச்சு, அது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

அதே ஹால்ல இன்னொரு டேபிள்ல நிஜ நேவி இருந்துச்சு. முதல்ல லோடு இருக்கான்னு பார்த்தேன், இதை மட்டும் யாரும் விட்டுடாதீங்க, நூத்தம்பது வருஷமா மருந்தும் குண்டும் உள்ளயே உட்கார்ந்திருக்கிற துப்பாக்கி எல்லாம் இன்னும் பரண்ல இருந்து வருது. அப்புறம் சீரியல் நம்பர். நேவில ஒரு இடத்துல பார்த்துட்டு விடக்கூடாது, பேரல் அடி, பிரேம், ட்ரிகர் கார்டு, பின் ஸ்ட்ராப், மருந்தும் குண்டும் போடுற சிலிண்டர், பேரலைப் பிடிச்சிருக்கிற அந்தச் சின்ன ஆப்பு வரைக்கும் ஒரே நம்பரா இருக்கணும். இதுல ஆப்பைத் தவிர எல்லாம் ஒண்ணா இருந்துச்சு. ஆப்பு தொலையுறது சகஜம், அதுக்கு விலை கொஞ்சம்தான் குறையும், ஆனா சிலிண்டர் நம்பர் மாறியிருந்தா அது வேற கணக்கு.

சிலிண்டர்ல ஒரு கடல் சண்டைப் படம் உருட்டிப் பதிச்சிருக்கும், டெக்சாஸ் கடற்படையும் மெக்சிகோவும் 1843 மே 16 அன்னைக்கு மோதினது. நான் இருக்கிற ஊரோட சண்டைங்கிறதால அதை லென்ஸ் வச்சுப் பார்க்கிறப்போ எனக்கு மனசு நிறைஞ்சிடும். நிஜமா புழங்கின துப்பாக்கில இந்தப் படம் பாதிக்கு மேல தேஞ்சிருக்கும். பேரல் முழுக்க துருக்குழி, படம் மட்டும் நேத்து அடிச்ச மாதிரின்னா சந்தேகப்படுங்க. எண்கோணப் பேரலோட விளிம்பு கூரா இருக்கணும், அது மழுங்கி, ஸ்க்ரூவைச் சுத்தி லேசா குழிஞ்சு, எழுத்தெல்லாம் ஆழமில்லாம இருந்தா யாரோ பாலிஷ் மெஷின்ல காட்டிட்டாங்கன்னு அர்த்தம். பளபளன்னு இருக்கிறதுக்கு அதிகக் காசு கேட்பாங்க. நியாயமா பாதி விலைக்குத்தான் அது தேறும். நான் பார்த்ததுல விளிம்பு கூரா இருந்துச்சு, இரும்பு மேல ஏத்தின நீலப் பூச்சு சுத்தமா போய் பழுப்பு ஏறியிருந்துச்சு, அந்தப் பழுப்புக்குத்தான் காசு கொடுத்தேன்.

சட்டம் பத்தி ஒரு வரி. அமெரிக்க மத்திய சட்டத்துல 1898 முடிய செஞ்சது ஆன்டிக், மாநிலச் சட்டம் மாறும், உங்க மாநிலத்துல என்னன்னு பார்த்துக்கோங்க.

பழையசரக்கு, ஒஹாயோ:

சூப்பர் பதிவு ப்ரோ. பேட்டன்ட் தேதி பத்தி நான் சொல்றேன், ஏன்னா இங்க வாரம் ஒருத்தராவது இதுல மாட்டுறாங்க. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நம்பர் 2 ஆர்மி ஒண்ணு எஸ்டேட் சேல்ல (இறந்தவர் வீட்டுச் சாமானை விக்கிறது) வந்துச்சு, '1855 ரிவால்வர்'னு சீட்டு ஒட்டியிருந்தாங்க. பேரல் மேல ஏப்ரல் 3, 1855ன்னு இருக்கிறது உண்மைதான். ஆனா அது ரோலின் வைட்ங்கிறவர் வாங்கின பேட்டன்ட்டோட தேதி, சிலிண்டரை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் துளைச்சு பின்னாடி இருந்து தோட்டா போடுறது, அதுக்கான உரிமை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கையில இருந்ததாலதான் 1869 வரைக்கும் மத்த அமெரிக்கக் கம்பெனிகளால அந்த மாதிரி சட்டப்படி செய்ய முடியல. அதே பேரல்ல 1859, 1860 தேதிகளும் இருக்கு. கடைசித் தேதிக்கு முன்னாடி அது பிறந்திருக்க முடியாது, அந்த அளவுக்குத்தான் பேட்டன்ட் தேதி உதவும். அந்த மாடல் 1861ல இருந்து 1874 வரைக்கும் வந்தது, சரியான வருஷம் சீரியல் நம்பரை வச்சுத்தான். பேக்டரியை விட்டு எப்போ, யாருக்குப் போச்சுன்னு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஹிஸ்டாரிகல் ஃபவுண்டேஷன்ல காசு கட்டினா லெட்டர் தருவாங்க, கோல்ட்டுக்கும் அதே மாதிரி ஆர்க்கைவ் லெட்டர் இருக்கு. நல்ல பீஸ்னா வாங்குறதுக்கு முன்னாடியே லெட்டர் கேளுங்க.

கிராய்டன்வாசி:

லண்டன் பக்கம் பெல்ஜியம் சரக்குதான் அதிகமா மாட்டும். 'பிரிட்டிஷ் புல் டாக்'னு பிரேம்ல எழுதியிருக்கும், இங்கிலாந்துக் கம்பெனி வெப்ளியோடதுன்னு சொல்லி விப்பாங்க. சிலிண்டரைக் கழட்டிப் பாருங்க, நீள்வட்டத்துக்குள்ள ஈ எல் ஜி, கீழ நட்சத்திரம் இருந்தா அது லியேஜ் ஊர்ல சோதிச்சது. அந்த வட்டத்துக்கு மேல கிரீடம் இருந்தா 1893க்கு அப்புறம், இல்லன்னா அதுக்கு முன்னாடி. பெல்ஜியம்னா மட்டம்னு நான் சொல்லல, நல்ல வேலைப்பாடு உள்ளதும் இருக்கு, ஆனா வெப்ளி விலை கொடுக்காதீங்க.

இங்க லைசென்ஸ் இல்லாம வச்சிருக்க வருஷம் மட்டும் போதாது, காலிபரும் பார்க்கணும். 1939 செப்டம்பர் 1க்கு முன்னாடி செஞ்சிருக்கணும், வழக்கொழிஞ்ச தோட்டாங்கிற அரசுப் பட்டியல்லயும் அது இருக்கணும், அலங்காரத்துக்கோ சேகரிப்புக்கோ மட்டும் வச்சிருக்கணும். 2021 மார்ச்ல ஏழு காலிபரை அந்தப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க, .442, .320, .44 ரஷ்யன் எல்லாம் போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வருஷக்கணக்கா சுவத்துல மாட்டி வச்சிருந்த .442க்கு சர்டிபிகேட் போட வேண்டியதாயிடுச்சு. பழைய விளம்பரத்தைப் பார்த்து லைசென்ஸ் வேண்டாம்னு நம்பிடாதீங்க.

பழையசரக்கு:

விலை பத்தி யாரும் இன்னும் சரியா பேசல. விற்பனைக்குப் போட்டிருக்கிற விலையைப் பார்க்காதீங்க, ஏலத்துல நிஜமா முடிஞ்ச விலையைப் பாருங்க, அதுலயும் வாங்குறவர் கட்டுற கமிஷன் சேர்ந்திருக்கான்னு பாருங்க. கதைக்கும் காசு உண்டு, ஆனா கதைக்கு காகிதம் இருக்கணும். பில்லி தி கிட்ங்கிற கொள்ளைக்காரனைச் சுட்ட ஷெரீஃப் பாட் காரெட்டோட கோல்ட் 2021ல அறுபது லட்சம் டாலருக்கு மேல போச்சு, அது யார் கையில இருந்து யார் கைக்கு வந்துச்சுன்னு பேப்பர் இருந்துச்சு. ஓவியர் வான்கோ தன்னைச் சுட்டுக்கிட்டதா நம்பப்படுற லெஃபோஷூங்கிற பிரெஞ்சு வகை ரிவால்வர், வயல்ல கிடைச்ச துருக்கட்டை, 2019ல பாரிஸ்ல 1,62,500 யூரோ. அதுக்கு முழு நிரூபணம் கிடையாது, கிடைச்ச இடமும் காலிபரும் மண்ணுல கிடந்த காலமும் ஒத்துப்போச்சு, அவ்வளவுதான். நம்ம டேபிள்ல வர்ற கொள்ளுத்தாத்தா கதைக்கு அந்த அளவு கூட இருக்காது, அதனால கதைக்கு நான் பத்து பைசா சேர்க்கிறதில்ல.

மதுரைப்பொண்ணு:

அண்ணா, எங்க பெரியப்பா வீட்டுல ஒரு பழைய ரிவால்வர் இருக்கு, லைசென்ஸ் தாத்தா பேர்ல இருந்துச்சு. பேரல்ல கிரீடத்துக்குக் கீழ ரெண்டு கோல் குறுக்கா இருக்கிற மாதிரி ஒரு முத்திரை, பி பி சி-ன்னு எழுத்து. ஒருத்தர் வந்து நூறு வருஷம் ஆயிடுச்சு, லைசென்ஸ் தேவையில்ல, நானே வாங்கிக்கிறேன்னு சொல்றார்.

கிராய்டன்வாசி:

தங்கச்சி, அது பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் முத்திரை, 1813ல இருந்து 1904 வரைக்கும் போட்டது. அதனால வயசு நிச்சயம் நூறைத் தாண்டுது. ஆனா இந்தியாவுல வயசை மட்டும் வச்சு விலக்கு கிடையாது. ஆயுதச் சட்டம் 45வது பிரிவுல, பழம்பொருள்னாலும் ரிப்பேர் பண்ணினா கூட சுட முடியாத நிலைல இருக்கணும்னு இருக்கு. சுடுற நிலைல இருந்தா லைசென்ஸ் வேணும், தாத்தா பேர்ல இருந்ததை வாரிசு பேருக்கு மாத்துற வேலையை முதல்ல கலெக்டர் ஆபீஸ்ல கேட்டு முடிங்க. நூறு வருஷம் தாண்டின பொருளை வெளிநாட்டுக்கு விக்கிறதுக்கும் 1972 பழம்பொருள் சட்டம் தடை போடுது. அந்த ஆள் கையில எதையும் கொடுக்காதீங்க. முத்திரை, பிரேம், சிலிண்டர் மூணையும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து இங்க போடுங்க, துரு இருந்தா அப்படியே இருக்கட்டும், எண்ணெயோ உப்புத்தாளோ வச்சுத் தேய்க்காதீங்க.