ரீபிராக்கெட்டிங்: ‘பிழைப்பிரிப்பு’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

சேர்ந்து ஒலிக்கும் இரண்டு சொற்களில் ஒன்றின் ஓரத்து எழுத்து மற்றதோடு போய், சொற்கள் பிரியும் இடம் மாறிவிடுவதை ஆங்கிலத்தில் ரீபிராக்கெட்டிங் என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘பிழைப்பிரிப்பு’ சுருக்கமான சொல்தான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. ரோக் என்ற அரிய ஆங்கிலக் குடும்பப்பெயரை வைத்துக் காரணம் சொல்கிறேன்.

13, 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓர் ஊருக்குள்ளேயே பல ஜான்கள் இருப்பார்கள். வரிப்பட்டியல் எழுதுகிறவர் வீட்டுப் பக்கத்து மரத்தையோ ஓடையையோ சேர்த்து எழுதி ஆளைப் பிரித்துக் காட்டுவார். ஓக் மரத்தடி வீட்டுக்காரர் ‘ஜான் அட்டர் ஓக்’, அதாவது ‘ஓக் மரத்தருகே இருக்கும் ஜான்’. பழைய ஆங்கிலத்தில் ஓக் பெண்பால், அதனால் ‘அட்டர்’. ஆண்பால் மரமென்றால் ‘அட்டென்’. சேர்த்துச் சொல்லிச் சொல்லி ‘அட்டர் ஓக்’ என்பது ‘அட்டெ ரோக்’ ஆயிற்று. அப்புறம் முன்பகுதி உதிர்ந்துபோய், ரோக் மட்டும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கியது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ரோக் என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்தப் பெயரும் இப்படி வந்ததுதான்.

பால் வேறுபாடு மங்கிவந்த காலம் அது. அதே மரத்தை ‘அட்டென் ஓக்’ என்றும் சொன்னார்கள். அதிலிருந்து வந்தது நோக்ஸ். ஆஷ் மரம் நாஷ் ஆனதும், எல்ம் மரங்கள் நெல்ம்ஸ் ஆனதும் இவ்வாறே. ஒரே மரத்தடியிலிருந்து ரோக், நோக்ஸ் என்று இரண்டு குடும்பப்பெயர்கள் கிளம்பியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

1538-இல் இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடுகள் தொடங்கின. அன்றுமுதல் பிறப்பிலும் திருமணத்திலும் சாவிலும் முறையாகப் பதிந்துவரும் பெயர்களைப் ‘பிழை’ என்ற முத்திரையோடு வகைப்படுத்துவது நியாயமில்லை.

இன்னொரு நண்பர் சொன்ன ‘ஒட்டெழுத்தேற்றம்’, பக்கத்துச் சொல்லின் எழுத்தை ஏற்பதைச் சொல்வதால், பாதியைத்தான் தொடுகிறது. ஆங்கிலத்தில் ‘எ நேப்ரன்’ (ஒரு முன்கட்டுத் துணி) என்றிருந்தது ‘ஆன் ஏப்ரன்’ ஆனபோது சொல் ஓர் எழுத்தை இழந்தது, ஏற்கவில்லை.

சரி, அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் பிரிமொழிச் சிலேடையிலிருந்து (ஒரே தொடரை வேறு வேறாகப் பிரித்து இரு பொருள் கொள்வது) ‘பிரிமொழி’யை எடுத்துக்கொள்ளலாமா? அங்கே இரண்டு பிரிப்புகளும் ஒருசேர உயிரோடு இருக்கும். கவிஞர் வேண்டுமென்றே வைத்தவை. இங்கே பழைய பிரிப்பு மறைந்தே போகிறது. அதனால் அதுவும் பொருந்தாது.

எழுத்து கூடினாலும் குறைந்தாலும் உண்மையில் நகர்வது இரண்டு சொற்களுக்கு நடுவிலுள்ள எல்லைதான். ஆகவே ‘சொல்லெல்லைப் பெயர்வு’ என்று முன்மொழிகிறேன். ‘நாஷ் எல்லைபெயர்ந்த பெயர்’ என்று வாக்கியத்திலும் தடையில்லாமல் வருகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.