வாஷிங்டன் என்னும் குடும்பப் பெயர் குறித்து உதவி வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்பப் பெயர் எவ்வாறு தோன்றியது என்பது பற்றிப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

வட இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் இருந்த வாஷிங்டன் என்னும் ஊரே இப்பெயரின் பிறப்பிடம். ஹார்ட்பர்ன் நிலத்துக்கு உரியவராக இருந்த வில்லியம் என்பவர், 12ஆம் நூற்றாண்டில் அதைக் கொடுத்து அதற்கு ஈடாக வாஷிங்டனைப் பெற்றார் என்பது, டர்ஹாம் ஆயருக்காக 1183இல் தொகுக்கப்பட்ட 'போல்டன் புத்தகம்' என்னும் நிலப்பதிவேட்டில் காணப்படுகிறது. நிலம் மாறியதும் மனிதரின் பெயரே மாறிவிட்டது என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. பரம்பரைக் குடும்பப் பெயர்கள் இங்கிலாந்தில் வேரூன்றிக்கொண்டிருந்த காலம் அது. பிற்காலத்தில் இக்குடும்பத்தின் லாரன்ஸ் வாஷிங்டன் 1539இல் நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள சல்கிரேவ் பண்ணை நிலத்தை வாங்கினார். அவருடைய வழித்தோன்றலான ஜான், 17ஆம் நூற்றாண்டின் நடுவில் வர்ஜீனியாவில் குடியேறினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ்.

இடைக்கால இலத்தீன் ஆவணங்களைப் படித்துப் பழகியவர்கள் எவரேனும் இருந்தால், அந்தப் பதிவேட்டின் வாஷிங்டன் பற்றிய வரிகளைத் தமிழாக்க எனக்கு உதவ வேண்டுகிறேன். மேலும், வாஷிங்டன் ஊரிலுள்ள பழைய மாளிகைக்கு நேரில் சென்றவர்கள், அங்கு தாங்கள் எடுத்த படங்களைக் கட்டுரையில் சேர்க்க அனுமதி தந்தால், அவற்றை உரிய நன்றியுடன் பயன்படுத்திக்கொள்வேன்.