மொடக்குறிச்சி 1996: 1,033 வேட்பாளர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர்

வினாடி வினாவில் அடிக்கடி வரும் கேள்வி இது. அதிக வேட்பாளர்கள் நின்ற சட்டமன்றத் தொகுதி எது? ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சி, 1996, 1,033 பேர். பதில் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அந்த 1,033 பேரில் எங்கள் அப்பாவும் ஒருவர்.

அப்பா மஞ்சளும் கரும்பும் வைத்த விவசாயி. மனுக் கொடுத்தும் மறியல் செய்தும் யாரும் காது கொடுக்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் எடுத்த முடிவுதான் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போடுவது. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய். முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும். எங்கள் ஓட்டு பக்கத்துத் தொகுதியில் இருந்தது. ஆனால் மாநிலத்தில் எந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தாலும் வேறு தொகுதியில் நிற்கலாம். மொடக்குறிச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தையின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, அப்பாவுக்கு முன்மொழிந்தார்.

அவ்வளவு பெயரையும் ஒரு தாளில் அச்சடிக்க முடியாமல் தேர்தலே தள்ளிப்போனது. கடைசியில் ஓட்டுச்சீட்டைப் புத்தகமாகவே அடித்தார்கள். தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அ.தி.மு.க.வின் ஆர்.என். கிட்டுசாமி இரண்டாம் இடம். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை.

அப்பா அந்த 88 பேரில் ஒருவர். "தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போடவில்லையா?" என்று கேட்காதவர்கள் இல்லை. அவர் ஓட்டுதான் அந்தத் தொகுதியிலேயே இல்லையே! சரி, முன்மொழிந்த மாமா? அவரும் போடவில்லை. முந்தின நாளே அப்பா சொல்லிவிட்டாராம்: "மாப்பிள்ளை, நான் ஜெயிக்கறதுக்கு நிக்கலீங்க. உங்க ஓட்டை வீணாக்காம யாராச்சும் நல்லது செய்யறவங்களாப் பாத்துப் போடுங்க."

எனக்கு அது தேர்தல் இல்லை, ஆயிரம் பேர் ஆளுக்கு 250 ரூபாய் கட்டிக் கொடுத்த மனு. மொத்தம் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய், அதில் ஏறக்குறைய எல்லாமே திரும்பி வராத பணம். பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். அந்த மனுவுக்குக் கிடைத்த பதிலையும் சொல்ல வேண்டும். அதே 1996 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், ஒரேயடியாக இருபது மடங்கு. சுயேச்சைகளுக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் ஆனது. நாங்கள் என்ன கேட்டோம் என்பதை விட்டுவிட்டு, நாங்கள் வந்த கதவை அடைத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

அந்தத் தேர்தலை நேரில் பார்த்தவர்கள், வீட்டில் யாராவது நின்றவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

*

ஓய்வு பெற்ற ஆசிரியர், ஈரோடு:

அன்று வாக்குச்சாவடிப் பணியில் இருந்தேன் தம்பி. புத்தகத்தைக் கையில் வாங்கியதும் ஒரு பாட்டி, "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் படிச்சுட்டு வரோணுமா சாமி?" என்று கேட்டார். கேலியில்லை, உண்மையாகவே கேட்டார். மறைப்புக்குள் போனவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டித் தங்கள் சின்னத்தைத் தேடுவார்கள். வெளியே வெயிலில் வரிசை நகரவே நகராது. நாங்கள் உள்ளே போய்க் காட்டிக்கொடுக்கவும் கூடாது. கட்சி வேட்பாளர்கள் முதலில், சுயேச்சைகள் கடைசியில் என்ற இன்றைய வரிசைகூட நீங்கள் சொன்ன அந்தச் சட்டத் திருத்தத்தில்தான் வந்தது.

அதிகாரிகளின் பாட்டையும் சொன்னால்தான் நியாயம். இரவு பகலாக வேலை பார்த்த கடைநிலை ஊழியர்களை நான் அறிவேன். ஆனால் அவர்களில் ஒருவர்கூட விவசாயிகளைத் திட்டி நான் கேட்டதில்லை. பாதிப் பேர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தானே.

2023இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றதற்கே ஒவ்வொரு சாவடியிலும் ஐந்து இயந்திரங்களை அடுக்கினார்கள். இப்போதுள்ள புதிய இயந்திரங்களை எவ்வளவு இணைத்தாலும் 'நோட்டா'வையும் சேர்த்து 384 பெயருக்குத்தான் இடம். மொடக்குறிச்சி மறுபடி நடந்தால் மறுபடி புத்தகம்தான்.

*

மஞ்சள் வியாபாரி, பெருந்துறை:

நான் நேரில் பார்த்தது மொடக்குறிச்சியை இல்லை, அதன் தம்பியை. தொழிலுக்காகத் தெலங்கானாவின் நிஜாமாபாத் மார்க்கெட்டுக்குப் போய்வருவேன். 2019 மக்களவைத் தேர்தலில் அங்கே 185 வேட்பாளர்கள், அதில் 170க்கும் மேற்பட்டவர்கள் விவசாயிகள். மஞ்சளுக்கு ஆதரவு விலை வேண்டும், மஞ்சள் வாரியம் வேண்டும் என்பது கோரிக்கை. டெபாசிட் 25,000 ரூபாய். ஊர் ஊராக வசூல் செய்து கட்டினார்கள். ஒரு மண்டியில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒரு பெரியவர், "ஈரோடா? ஆயிரம் பேர் நின்ற ஊர்தானே?" என்றார். இருபத்து மூன்று வருடம் கழித்து, வேறு மொழி பேசும் ஒரு விவசாயி அதை ஞாபகம் வைத்திருக்கிறார்!

அங்கே பன்னிரண்டு இயந்திரங்களை வரிசையாக இணைத்துத் தேர்தல் நடத்தினார்கள். அப்போதைய எம்.பி. கவிதா தோற்றார். 2023இல் தேசிய மஞ்சள் வாரியம் அறிவிக்கப்பட்டது, 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியும் விட்டார்கள். விலைக்கு இன்னும் உத்தரவாதமில்லை. ஆனாலும் அண்ணா, உங்கள் அப்பா தலைமுறை காட்டிய வழி வீண்போகவில்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

*

சிவகிரிப் பெண்:

எனக்கு 1996 கதையாகத்தான் தெரியும். நான் பார்த்தது 2021. வாக்கு எண்ணிக்கை முடியும்வரை எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை. சுப்புலட்சுமி ஜெகதீசன் 1977இல் இதே தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் வென்றவர், பிறகு தி.மு.க.வுக்கு வந்து 1996இல் ஆயிரம் பேருக்கு நடுவே வென்றவர். அவரே 2021இல் பா.ஜ.க.வின் மருத்துவர் சி. சரஸ்வதியிடம் 281 ஓட்டில் தோற்றார். எங்கள் வீட்டில் அம்மாயிக்கு உடம்பு சரியில்லை என்று ஓட்டுப் போட அழைத்துப் போகவில்லை. "என்ற ஓட்டு ஒண்ணுதானே, போனாப் போகுது" என்று அவரே சொன்னார். முடிவு வந்த பிறகு எங்கள் தெருவில் இப்படி விடுபட்ட ஓட்டுகளை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று வந்தது. யாருக்குப் போட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஒரு தெருவிலேயே பதினொன்று.

*

தொடங்கியவர்:

எல்லோருக்கும் நன்றி. நிஜாமாபாத் பெரியவரைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா இப்போது இல்லை. மஞ்சள் கணக்கு நோட்டுக்குள் அந்த 250 ரூபாய் ரசீதை மடித்து வைத்திருந்தார். காரியத்துக்கு மறுநாள்தான் கண்டெடுத்தோம்.

சிவகிரிச் சகோதரிக்கு ஒன்று. 2021 முடிவு வந்த இரவு மாமா போன் செய்தார். எண்பதைத் தாண்டியவர், குரல் கம்மிப்போயிருந்தது. "281 ஓட்டுன்னு டி.வி.யில சொல்றாங்க கண்ணு. அன்னைக்கு நான் போட்டிருந்தா உங்கப்பனுக்கு ஒரு ஓட்டாச்சும் இருந்திருக்கும்" என்றார்.