புதுப்பிப்பு: ஏழாம் வகுப்பும் பட்டை விளக்கப்படமும்

"பிள்ளைகள் பட்டை விளக்கப்படத்தை அழகாக வரைகிறார்கள், அது என்ன சொல்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள்" என்று போன மாதம் எழுதியிருந்தேன். சென்னை ஏரிகளை வைத்து நடத்தச் சொன்னவர்களுக்கு நன்றி. நடத்தியாச்சு.

முழுக் கொள்ளளவை மில்லியன் கன அடியில் கரும்பலகையில் எழுதினேன்: செம்பரம்பாக்கம் 3645, புழல் 3300, பூண்டி 3231, சோழவரம் 1081. பாதி வகுப்பு நிமிர்ந்த அச்சை 0-இல் தொடங்கியது, மீதி 3000-இல். இரண்டு தாளையும் அருகருகே ஒட்டியதும் ஒரே சத்தம். 3000-இல் தொடங்கிய தாளில் செம்பரம்பாக்கத்தின் பட்டை புழலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். "மிஸ், சோழவரத்தையே காணோம்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தேர்வையும் மாற்றிவிட்டேன். 5 மதிப்பெண்ணில் வரைவதற்கு 2. படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று எழுத 3. "இது கொள்ளளவுதான், இன்றைக்கு ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று இதில் தெரியாது" என்று எழுதிய பையனுக்கு முழு மதிப்பெண். அவன் பட்டைகள் கோணல்தான், இருக்கட்டும்.

அடுத்து கோட்டு வரைபடம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் புழலின் நீர் இருப்பை வாராவாரம் குறிக்கப் போகிறோம். அதற்கு மதிப்பெண் எப்படிப் பிரிக்கலாம்? நடத்தியவர்கள் சொல்லுங்கள்.