வளைவில் தானாக உறுமிய வண்டி: சீட், ஹேண்டில்பார் மாற்றியவர்கள் சொல்லுங்கள்

குன்னூர்க்காரன்:
வேலைக்காகத் தினமும் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போய் வருகிறேன். போக வர 70 கிலோமீட்டர் பக்கம் வரும், நடுவில் 14 கொண்டை ஊசி வளைவு. புது வண்டி எடுத்த மூன்றாவது வாரமே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. வினோதம் என்னவென்றால், காலையில் இறங்கும்போது மட்டும்தான். சாயங்காலம் ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை.

ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கிறது, அதனால்தான் என்று நானே முடிவு கட்டினேன். இரண்டு இஞ்ச் உயரமான பார் வாங்கி ஒரு கடையில் மாட்டினேன். கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தால் ராஜா மாதிரி இருந்தது. சமதளத்தில் ஒரு ரவுண்டும் போய் வந்தேன், சுகம்.

அன்று மாலை கல்லார் தாண்டி ஏறுகிறேன். இறுக்கமான ஒரு வளைவில் ஹேண்டிலை முழுக்க ஒடித்ததும் வண்டி தானாக உறுமியது. நான் ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை. எதிரே அரசு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கிளட்சை அப்படியே இறுக்கிப் பிடித்து ஓரமாக நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கால் நடுக்கம் நிற்கவில்லை.

விஷயம் இதுதான். பார் உயர்ந்துவிட்டது, வயர் பழைய நீளமே. ஹேண்டிலை ஒடிக்கும்போது ஆக்சிலரேட்டர் வயர் விறைத்து, இழுத்துவிட்டது. சமதள ரோட்டில் யார் ஹேண்டிலை முழுக்க ஒடிக்கிறார்கள்? மறுநாள் நீளமான வயர்கள் போட்டோம், முன் பிரேக் ஹோஸையும் மாற்றினோம். பார் மாற்றுகிறவர்கள் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள். சத்தம் துளி மாறினாலும் ரோட்டில் இறக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு விரல் மரத்தது போகவில்லை என்பதுதான் கொடுமை!

ரெக்சின் கூடலூர்:
அண்ணா, சீட் டேங்க் பக்கமாகச் சரிந்திருக்கிறதா பாருங்கள். இறக்கத்தில் உடம்பு முன்னால் வழுக்கும். அதைத் தடுக்க நீங்களே தெரியாமல் உள்ளங்கையை ஊன்றுவீர்கள். அந்த இரண்டு விரலுக்குப் போகிற நரம்பு உள்ளங்கை ஓரமாகத்தான் போகிறது. நசுங்கினால் மரக்கத்தான் செய்யும். பாருக்குப் போவதற்கு முன்னால் சீட்டைச் சரி பண்ணியிருக்கலாம்.

நான் சீட் தைக்கிறவன். வருகிற எல்லோரும் "மெத்துன்னு போடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். மெத்தென்ற ஃபோம் கடையில் உட்காரும்போதுதான் சுகம். அரை மணி நேரத்தில் அமுங்கி, எலும்பு அடித்தகட்டில் இடிக்கும். அடியில் கெட்டி ஃபோம், மேலே மெல்லிசாக மென்மையான ஒரு அடுக்கு, அவ்வளவுதான் வேண்டும். அப்புறம், டிசைன் ஆசையில் உட்காரும் இடத்துக்கு நடுவே தையல் கேட்காதீர்கள். எங்கள் ஊர் ஆடி மழையில் தையல் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி ஃபோம் குடித்துவிடும். வெயில் அடித்த அன்றும் பேன்ட் நனையும். ரெக்சினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்லுங்கள்.

பூம்பாறை டீச்சர்:
நான் 5 அடி. முன்பு ஓட்டிய ஸ்ப்ளெண்டரின் சீட் உயரம் 785 மில்லிமீட்டர், இப்போது ஓட்டும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 805. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று நினைத்தேன். உட்கார்ந்தால் வித்தியாசம் அதைவிட அதிகமாகத் தெரிந்தது, ஏனென்றால் அகலமான சீட் தொடையை விரித்துவிடுகிறது. ஒரு கடையில் ஃபோமை ஒன்றரை இஞ்ச் வெட்டச் சொன்னேன். இரண்டு காலும் தரையில் பட்டது, பரம சந்தோஷம். மன்னவனூர் போய்ச் சேர்வதற்குள் முட்டி இரண்டும் விண் விண் என்று வலி. சீட் இறங்கியது, ஃபுட்ரெஸ்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறதே! பின்னால் வீட்டுக்காரர் வேறு, ஒவ்வொரு இறக்கத்திலும் என் மேலேயே சரிந்து வந்தார்.

ஃபோமைத் திரும்ப ஏற்றிவிட்டேன். டேங்க் ஒட்டிய இடத்தில் பக்கவாட்டில் மட்டும் செதுக்கிக் குறுக்கியதில் கால் நேராக இறங்குகிறது. மேட்டில் நிறுத்தினால் வலது கால் எப்படியும் பிரேக்கில்தான் இருக்கும், இடது கால் ஒன்று நன்றாக ஊன்றினால் எனக்குப் போதும்.

குன்னூர்க்காரன்:
கூடலூர் தம்பி சொன்னதுதான் சரி. சீட்டின் முன்பக்கம் ஃபோம் ஏற்றிச் சமமாக்கினேன். இறக்கத்தில் முழங்காலால் டேங்கை அணைத்துக்கொள்ளவும் பழகினேன். பக்கத்து வீட்டு மெக்கானிக் இன்னொன்றும் செய்தார், காசே வாங்கவில்லை. பிரேக், கிளட்ச் லிவர்களின் போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பிவிட்டார். முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வருகின்றன, மணிக்கட்டு மடங்குவதில்லை. உயரமான பாரைக் கழற்றிப் பழையதையே மாட்டிவிட்டேன். புதுசு வீட்டில் துணி காயப்போட உதவுகிறது.

விரல் மரப்பது இப்போது டிசம்பர் காலைகளில் மட்டும். அது பனி. கிளவுஸ் எது நல்லது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.