கட்டாபெர்ச்சா பாயிண்ட்டுக்கு "வேர்த்திரி" சரியா வருமா?

ஐயா, பல்லோட வேர் சிகிச்சையில (ரூட் கேனால்) வேர்க்குழல அடைக்க உள்ள வைக்கிற மெல்லிசான குச்சிதான் கட்டாபெர்ச்சா பாயிண்ட், அதுக்குத் தமிழ்ல "மரப்பிசின்"னு வைக்கலாம்னு நீங்க சொன்னதுல எனக்கு ஒரு சிக்கல் தெரியுது. வேர் சிகிச்சையில பிசின் ஏற்கனவே வேற இடத்துல இருக்கு, பாயிண்ட்டைச் சுத்தியிருக்கிற இடைவெளிய அடைக்கிற சீலர்ல எபாக்ஸி ரெசின்னு ஒரு வகை, அதத்தான் பிசின்னு சொல்லியாகணும், ரெண்டுக்கும் ஒரே பேர வச்சா படிக்கிற பசங்க குழம்பிடுவாங்க. அதோட கட்டாபெர்ச்சா மலேயா பக்கத்துக் காட்டுமரத்தோட பால், ரப்பருக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி, ரெண்டுமே பாலிஐசோபிரீன்ங்கிற ஒரே வேதிப்பொருள்தான், மூலக்கூறு அடுக்கின விதம் வேறங்கிறதால ரப்பர் இழுபடும், இது விறைப்பா நிக்கும், சூடு காட்டினா இளகும்.

இன்னொண்ணு, நாம வேருக்குள்ள வைக்கிற பாயிண்ட்ல கட்டாபெர்ச்சா சுமார் 20 சதவீதம்தான். 60லேருந்து 75 சதவீதம் வரைக்கும் ஜிங்க் ஆக்சைடு, மிச்சம் எக்ஸ்ரேல வெள்ளையா தெரியறதுக்கான உப்பு, மெழுகு இந்த மாதிரி. அப்ப மரத்த வச்சு பேர் வைக்கிறது எப்படி சரியாகும்?

அதனாலதான் உருவத்த வச்சு "வேர்த்திரி"ங்கிறேன். ஒரு 25ஆம் நம்பர் பாயிண்ட்ட கையில எடுத்துப் பாருங்க, நுனி 0.25 மில்லிமீட்டர், சாதாரண வகைல அங்கேருந்து மில்லிமீட்டருக்கு 0.02 வீதம் தடிச்சுக்கிட்டே போகும், விரல்ல உருட்டின திரி அப்படியேதான். குழலுக்குள்ள அளவு வரைக்கும் இறக்கிட்டு மெல்ல இழுத்தா லேசா பிடிச்சுக்கிட்டு அப்புறம்தான் வரும், நான் அத "கவ்வுது"ன்னுதான் சொல்வேன், அந்தக் கவ்வல் கிடைச்சாத்தான் எனக்கு நிம்மதி. (இந்தப் பிடிப்பத்தான் இங்கிலீஷ்ல டக்-பேக்ங்கிறாங்க, அதுக்கு "கவ்வல்"னே வச்சிடலாம், அழகான சொல்.)

நல்ல சொல்லுன்னா கிளை விடணும். முதல்ல வைக்கிற முக்கியமான பாயிண்ட், அதாவது மாஸ்டர் கோன், "தலைத்திரி", பக்கத்துல சொருகுறது "துணைத்திரி", ரெண்டும் தானா வந்து உக்காருது பாருங்க. திரின்னா எரியற ஞாபகம் வரும்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க, காதுலயும் ஆழமான புண்ணுலயும் மருந்து நனைச்சு வைக்கிறதும் திரிதானே.

பொருளோட பேரு கட்டாபெர்ச்சான்னே இருக்கட்டும். கெத்தான்னா மலாய்ல மரத்துல வடியிற பால், அவங்க மரம், அவங்க பேரு, ரப்பர ஏத்துக்கிட்ட நமக்கு இது கஷ்டமில்ல.

வேர்க்குழல அலசுற மருந்தான ஹைப்போகுளோரைட்டுக்கு "கழுவுநீர்" மட்டும் வேண்டாங்க, சாக்கடை ஞாபகம் வருது, "அலசுநீர்" போதும். சீலருக்கு "அடைபசை"ன்னு யோசிச்சேன், ஆனா பயோசெராமிக் வகை ஈரத்த இழுத்து சிமெண்ட் மாதிரி இறுகுது, அத பசைன்னு சொல்ல மனசு வரல. அதுக்கு மட்டும் "அடைசாந்து"ன்னு வச்சுக்கலாமா, இல்ல எல்லா சீலருக்கும் சாந்தே பொருந்துமா, சொல்லுங்க.