ஜோக்கரின் மீசை: சீசர் ரொமேரோவைப் பற்றி ஒரு வாக்குவாதம்

பழம்படப்பிரியன்:
1966 முதல் 1968 வரை ஏபிசி தொலைக்காட்சியில் வந்த பேட்மேன் தொடரில் ஜோக்கர் என்ற வெள்ளை முகக் கோமாளி வில்லனாக நடித்த சீசர் ரொமேரோவை, மீசையை மழிக்கக்கூட மனமில்லாத சோம்பேறி என்று நடுநிசி எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 1930களிலிருந்தே திரையில் இருந்தவர், சிஸ்கோ கிட் என்ற கௌபாய் நாயகனாகக் குதிரையேறியவர், 1947இல் ‘கேப்டன் ஃப்ரம் காஸ்டீல்’ படத்தில் மெக்சிகோவை வென்ற ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேஸாக நிமிர்ந்து நின்றவர், உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் பணிபுரிந்தவர். இத்தனைக்கும் சேர்த்து அவருக்குக் கிடைக்கும் பட்டம் இதுதானா?

நடுநிசி:
கோர்த்தேஸைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. 1940இல் படக்கதையில் அறிமுகமான நாளிலிருந்து ஜோக்கருக்கு மீசை கிடையாது. நெருக்கக் காட்சிகளில் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் அது துருத்திக்கொண்டு தெரிகிறது.

பழம்படப்பிரியன்:
தயாரிப்பாளர்களே சம்மதித்து அதன்மேல் பூசச் செய்தார்கள், ஐயா. அவர்களுக்கு இல்லாத வருத்தம் தங்களுக்கு எதற்கு? அந்தச் சிரிப்பு எழும்போது எவரும் மேலுதட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, தங்களைத் தவிர.

கறுப்புவெள்ளை:
இருவருமே வீணாகச் சண்டையிடுகிறீர்கள். அந்தத் தொடருக்காக எம்மி என்ற தொலைக்காட்சி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட வில்லன், ரிட்லராக நடித்த ஃபிராங்க் கோர்ஷின்தான்.

பழம்படப்பிரியன்:
அந்தக் கோர்ஷின் இரண்டாம் பருவத்தில் காணாமல் போய், அவருடைய இடத்தில் ஜான் ஆஸ்டின் வந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ரொமேரோ மூன்று பருவங்களிலும் வந்தார். அதே தொடரின் பெங்குவின் என்ற வில்லனைப் பற்றிய சென்ற விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான் இடையில் புகுந்து பாதி உண்மையை வைத்துவிட்டுப் போனீர்கள். நான் அதை மறக்கவில்லை.

கறுப்புவெள்ளை:
பழைய கணக்கை இங்கே திறக்க வேண்டாம். அன்று பதில் சொல்லாமல் நழுவியவர் யார் என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

நடுநிசி:
மீசைக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழம்படப்பிரியன்:
வருகிறது. பெங்குவினாக நடித்த, புகைப்பழக்கத்தை விட்டிருந்த பர்ஜஸ் மெரிடித்துக்கு அந்தப் பாத்திரத்தின் சிகரெட் புகை தொண்டையை உறுத்தியது. அந்த இருமலை மறைக்கப்போய்ப் பிறந்த வாத்துக் குரலை மேதைமை என்று போன முறை புகழ்ந்தவர் தாங்கள்தானே? அவருடைய தொண்டைக்குக் காட்டிய தாராளத்தை ரொமேரோவின் மேலுதட்டுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

நடுநிசி:
மெரிடித் தம் தொல்லையைப் பாத்திரத்துக்குக் கொடுத்தார். ரொமேரோ தம் அழகைப் பாத்திரத்திடமிருந்து காப்பாற்றிக்கொண்டார். மழித்திருக்க வேண்டும்.

பழம்படப்பிரியன்:
தங்களுடைய பிடிவாதத்துக்கு முன்னால் ரொமேரோவின் பிடிவாதம் ஒன்றுமேயில்லை. அவர் தோன்றிய அத்தியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து இங்கேயே எழுதப்போகிறேன். கறுப்புவெள்ளை இம்முறையாவது முழுவதையும் படித்துவிட்டுப் பேசட்டும்.